பூட்டிய கோப்புகளைத் திறந்தவர்கள்: ரான்சம்வேரிடமிருந்து தரவுகளை மீட்ட வரலாறு

முன்னுரை

ஓசூர் என்றாலே தொழிற்சாலைகள்தான் நினைவுக்கு வரும். 1970-களில் இங்கே சிப்காட் தொழில் வளாகம் தொடங்கப்பட்டது. அதைத் தொடர்ந்து அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய நிறுவனங்கள் வரிசையாக வந்தன. 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. 2019-ல் ஓசூர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. பெரிய நிறுவனங்களின் பெயர்களை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அவற்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள்தான் இந்தப் பகுதியில் எண்ணிக்கையில் அதிகம். நான்கைந்து சி.என்.சி. மிஷின், பத்துப் பதினைந்து ஆட்கள், ஒரு சிறிய ஆபீஸ் அறை, அந்த அறையில் ஒரு லேப்டாப். இதுதான் ஒரு பட்டறை.

அந்த லேப்டாப்பில் என்னவெல்லாம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கம்பெனிகள் அனுப்பிய டிராயிங், மிஷினுக்கு எழுதிய புரோகிராம், டேலி கணக்கு, கொட்டேஷன், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், சம்பளப் பட்டியல் எல்லாமே அதில்தான். லேப்டாப்பின் விலை நாற்பதாயிரமோ ஐம்பதாயிரமோ இருக்கும். உள்ளே இருப்பதோ பல வருட உழைப்பு. ஒரு நாள் காலையில் அதைத் திறக்கும்போது எல்லாக் கோப்புகளின் பெயரும் மாறி, "பணம் கட்டினால்தான் திறப்போம்" என்று ஒரு அறிவிப்பு மட்டும் இருந்தால் என்ன ஆகும்? அதுதான் ரான்சம்வேர். தமிழில் பணயத் தீநிரல் என்று சொல்கிறார்கள்.

இப்படிப் பூட்டப்பட்ட கோப்புகளைத் திரும்பப் பெற முடியுமா? "முடியவே முடியாது" என்று சிலர் சொல்வார்கள். "நூறு சதவீதம் மீட்டுத் தருகிறோம்" என்று சிலர் விளம்பரம் செய்வார்கள். இரண்டுமே முழு உண்மை இல்லை. 1989 முதல் இதுவரை யார் யார் எப்படி மீட்டார்கள் என்ற வரலாற்றைப் பார்த்தால் சரியான பதில் கிடைக்கும். படிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே: மீட்டவர்கள் உண்மையிலேயே பூட்டை உடைத்தார்களா, அல்லது வேறு வழியில் உள்ளே போனார்களா?

இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது?

வரலாற்றுக்குப் போகும் முன் பூட்டைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். சங்கேத முறையில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே சாவி. நம் வீட்டுப் பீரோ மாதிரி. பூட்டியவன் சாவியை எங்கேயாவது விட்டுப் போயிருந்தால் நாமே எடுத்துத் திறந்துவிடலாம்.

இரண்டாவது வகையில் இரண்டு சாவிகள். ஒன்று பொதுச்சாவி, அதனால் பூட்ட மட்டுமே முடியும். மற்றொன்று தனிச்சாவி, அதனால்தான் திறக்க முடியும். திறந்து கிடக்கும் ஒரு தொங்கு பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதை யார் வேண்டுமானாலும் அழுத்திப் பூட்டலாம். திறக்கும் சாவி மட்டும் எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் ஒருவன் சட்டைப் பையில் இருக்கும்.

இன்றைய ரான்சம்வேர்கள் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகின்றன. கோப்புகளை ஒரே சாவி முறையில் வேகமாகப் பூட்டுகின்றன. பிறகு அந்தச் சாவியையே பொதுச்சாவியால் பூட்டி வைத்துவிடுகின்றன. இதைச் சரியாகச் செய்துவிட்டால் உலகத்தில் உள்ள கணினிகளை எல்லாம் சேர்த்து வைத்தாலும் நம் ஆயுளுக்குள் திறக்க முடியாது.

1989: பிளாப்பியில் வந்த முதல் மிரட்டல்

முதல் ரான்சம்வேர் இணையத்தில் வரவில்லை. தபாலில் வந்தது! 1989 டிசம்பரில் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் தரும் மென்பொருள் என்று சொல்லி, சுமார் 20,000 பிளாப்பி டிஸ்க்குகள் பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. அதைப் போட்டவர்களின் கணினி சில நாட்கள் ஒழுங்காக ஓடும். ஏறக்குறைய 90 முறை கணினியை ஆன் செய்த பிறகு, டிஸ்க்கில் உள்ள கோப்புகளின் பெயர்கள் எல்லாம் குழம்பிப் போகும். பனாமா நாட்டில் உள்ள ஒரு தபால் பெட்டி முகவரிக்கு 189 டாலர் அனுப்பச் சொல்லி அறிவிப்பு வரும்.

இதைச் செய்ததாகக் கைது செய்யப்பட்டவர் ஜோசப் பாப் என்ற அமெரிக்க உயிரியல் ஆய்வாளர். விசாரணைக்கு ஏற்ற மனநிலையில் அவர் இல்லை என்று பிரிட்டன் நீதிமன்றம் முடிவு செய்ததால் வழக்கு நடக்கவில்லை.

கோப்புகளை மீட்டது ஜிம் பேட்ஸ் என்ற பிரிட்டிஷ் நிபுணர். அந்த நிரலை ஆராய்ந்தபோது, அது கோப்புகளின் பெயர்களை மட்டுமே மாற்றுகிறது, உள்ளடக்கத்தைத் தொடவே இல்லை என்று அவர் கண்டுபிடித்தார். ஒரே சாவி முறைதான், சாவியும் நிரலுக்குள்ளேயே இருந்தது. அவர் எழுதிய கருவி இலவசமாகக் கொடுக்கப்பட்டது. ஆனால் அதற்குள் பயந்துபோய், சிலர் தங்கள் ஹார்ட் டிஸ்க்கையே அழித்துவிட்டார்களாம். பூட்டியவன் செய்ததைவிட அவசரம் செய்த நட்டம் பெரியது.

இந்த ஓட்டையை அடைப்பது எப்படி என்று 1996-ல் ஆடம் யங், மோட்டி யுங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். வைரஸுக்குள் பொதுச்சாவியை வைத்தால் ஆராய்ச்சியாளர்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர்கள் எச்சரித்தார்கள். எச்சரிக்கை பிற்காலத்தில் அப்படியே பலித்தது.

2008: அழித்தது உண்மையில் அழியவில்லை

2000-களின் நடுவில் ஜிபிகோட் என்ற ரான்சம்வேர் வந்தது. முதலில் அதன் சாவிகள் சிறியவை. ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தினர் 2006-ல் 660 பிட் நீளச் சாவி வரை சமாளித்தார்கள். 2008 ஜூனில் 1024 பிட் சாவியோடு புதிய ஜிபிகோட் வந்தபோது அவர்களால் முடியவில்லை. உலகத்தில் உள்ள சங்கேத நிபுணர்கள் எல்லாரும் உதவ வாருங்கள் என்று அழைப்பே விடுத்தார்கள். ஆனாலும் பூட்டு உடையவில்லை.

ஆனால் வேறு ஒரு வழி கிடைத்தது. ஜிபிகோட் முதலில் நம் கோப்பைப் படித்து, பூட்டிய நகல் ஒன்றை உருவாக்கும். பிறகு அசல் கோப்பை அழிக்கும். சாதாரணமாக நாம் ஒரு கோப்பை அழித்தால் ஹார்ட் டிஸ்க்கில் அதன் எழுத்துகள் உடனே மறைவதில்லை. "இந்த இடம் காலி" என்று ஒரு குறிப்பு மட்டும்தான் எழுதப்படும். நூலகத்தில் புத்தகத்தை விட்டுவிட்டு, அதன் அட்டவணைச் சீட்டை மட்டும் கிழித்துப் போடுவது போல. புத்தகம் அலமாரியிலேயே இருக்கும். அந்த இடத்தில் வேறு புத்தகம் வைக்கும் வரை தேடி எடுத்துவிடலாம். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை வைத்து அப்படித்தான் பலர் தங்கள் கோப்புகளை மீட்டார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த வழி பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்குகளுக்கு மிகவும் பொருந்தும். இப்போது லேப்டாப்புகளில் வரும் எஸ்.எஸ்.டி.களில் 'டிரிம்' என்ற ஏற்பாடு உண்டு. அழித்த கோப்பின் இடத்தை அது சீக்கிரமே உண்மையிலேயே துடைத்துவிடும். அதனால் 2008-ல் பலித்தது இன்று பல லேப்டாப்புகளில் பலிக்காது.

2013 முதல் 2016 வரை: கைக்கு வந்த சாவிகள்

2013 செப்டம்பரில் கிரிப்டோலாக்கர் வந்தது. பெரும்பாலும் மின்னஞ்சல் இணைப்பில் வரும். 2048 பிட் சாவி, பணம் கட்ட 72 மணி நேர கெடு, பணத்தை பிட்காயினிலும் கட்டலாம். முன்பு பனாமாவில் தபால் பெட்டி வைத்தவன் அகப்பட்டான். பிட்காயின் வந்த பிறகு திருடனைப் பிடிப்பது மிகவும் கடினமாகிவிட்டது. இந்தத் தொழில் வளர்ந்ததற்கு இது முக்கியக் காரணம்.

ஆரம்பத்தில் விண்டோஸ் தானாகவே எடுத்து வைக்கும் 'ஷேடோ காப்பி' என்ற பழைய நகல்களிலிருந்து சிலர் கோப்புகளை மீட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டு, பூட்டும் முன்பே ஷேடோ காப்பிகளை அழிக்கும் வேலையையும் ரான்சம்வேர்கள் செய்யத் தொடங்கின.

2014 ஜூனில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து நடத்திய 'ஆபரேஷன் டோவார்' நடவடிக்கை அறிவிக்கப்பட்டது. கிரிப்டோலாக்கர் பரவிய வலையமைப்பு முடக்கப்பட்டது. திருடர்கள் வைத்திருந்த சாவிகளும் ஆராய்ச்சியாளர்கள் கையில் கிடைத்தன. 2014 ஆகஸ்டில் ஃபயர்ஐ, ஃபாக்ஸ்-ஐடி என்ற இரண்டு நிறுவனங்கள் அந்தச் சாவிகளை இலவசமாகக் கொடுத்தன. பூட்டிய கோப்பை அழிக்காமல் பத்து மாதம் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு அது திரும்பக் கிடைத்தது!

2016 மே மாதத்தில் இன்னொரு அதிசயம் நடந்தது. டெஸ்லாகிரிப்ட் என்ற ரான்சம்வேரை நடத்தியவர்கள் கடையை மூடப் போகிறார்கள் என்று தெரிந்தது. ஈசெட் நிறுவனத்து ஆய்வாளர் ஒருவர், பணம் கட்டுபவர்களுக்காக அவர்கள் வைத்திருந்த உதவிப் பக்கத்திலேயே போய், மூலச்சாவியைத் தருவீர்களா என்று கேட்டார். அவர்களும் வருத்தம் தெரிவித்துச் சாவியை வெளியிட்டுவிட்டார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் நெதர்லாந்து காவல்துறை, யூரோபோல், இரண்டு பாதுகாப்பு மென்பொருள் நிறுவனங்கள் சேர்ந்து 'நோ மோர் ரான்சம்' என்ற தளத்தைத் தொடங்கின. இப்படிக் கிடைக்கும் சாவிகளும் கருவிகளும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன.

2017 மே: ஒரகடமும் சித்தூரும்

அதுவரை இது வெளிநாட்டுச் செய்தியாகத்தான் நமக்கு இருந்தது. 2017 மே 12 வெள்ளிக்கிழமை அது மாறியது. வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் அன்று பரவத் தொடங்கியது. இதற்கு யாரும் மின்னஞ்சலைத் திறக்க வேண்டியதில்லை. விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குத் தானாகவே தாவும். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. பலர் போட்டுக்கொள்ளவில்லை. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின.

தமிழ்நாட்டில் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் தொழிற்சாலையின் உற்பத்தி பாதிக்கப்பட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வட எல்லையைத் தொட்டு இருக்கும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம் உள்ளிட்ட சில இடங்களில் காவல்துறைக் கணினிகள் பூட்டப்பட்டன. திருப்பதி தேவஸ்தான அலுவலகக் கணினிகள் சிலவும் தப்பவில்லை. நம் ஊரிலிருந்து மூன்று நான்கு மணி நேரப் பயணத்தில் இருக்கும் இடங்கள் இவை.

பிரிட்டனைச் சேர்ந்த மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இளைஞர், வான்னாக்ரை ஒரு விசித்திரமான இணைய முகவரியைத் தேடுவதைப் பார்த்து, அந்த முகவரியைச் சில டாலர் செலவில் பதிவு செய்தார். உடனே பரவுவது நின்றது. ஆனால் ஏற்கெனவே பூட்டிய கோப்புகள் அதனால் திறக்கவில்லை.

திறப்பதற்கு வழி கண்டவர்கள் பிரான்ஸ் நாட்டவர்கள். சாவிகளை உருவாக்க இரண்டு பெரிய பகா எண்கள் தேவை. வான்னாக்ரை அவற்றைப் பயன்படுத்திய பிறகும், சில விண்டோஸ் பதிப்புகளில் அந்த எண்கள் கணினியின் தற்காலிக நினைவகத்தில் சிறிது காலம் தங்கியிருந்தன. அட்ரியன் கினே என்பவர் அவற்றைத் தேடி எடுக்கும் கருவியை எழுதினார். பெஞ்சமின் டெல்பி அதை மேம்படுத்தி 'வனாகிவி' என்ற கருவியை வெளியிட்டார். எக்ஸ்பி முதல் விண்டோஸ் 7 வரை அது வேலை செய்தது. ஒரே ஒரு நிபந்தனை, கணினியை ரீஸ்டார்ட் செய்திருக்கக் கூடாது! மின்சாரம் போனால் நினைவகமும் போய்விடும், எண்களும் போய்விடும். ஏதாவது கோளாறு என்றால் நாம் எல்லோரும் முதலில் செய்வது ரீஸ்டார்ட்தானே. அதனால் இந்தக் கருவியால் பயன் அடைந்தவர்கள் குறைவு.

மின்வெட்டு காப்பாற்றிய கம்ப்யூட்டர்

அடுத்த மாதமே, 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா வந்தது. பார்க்க ரான்சம்வேர் மாதிரிதான் இருக்கும். பணமும் கேட்கும். ஆனால் பணம் கட்டினாலும் திறக்க வழியே இல்லாமல் உருவாக்கப்பட்ட அழிப்பு நிரல் அது. உக்ரைனில் தொடங்கி டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கியது. அந்தக் குழுமம் மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் நடத்திய சரக்குப் பெட்டக முனையமும் நின்றது.

மெர்ஸ்க் நிறுவனத்தின் வலையமைப்பில் யார் யாருக்கு எந்த அனுமதி என்ற பட்டியலை வைத்திருக்கும் முக்கியமான சர்வர்கள் சுமார் 150 இருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தார்கள். எல்லாம் இணைந்திருந்ததால் எல்லாமே ஒன்றாக அழிந்தன. ஒன்றே ஒன்று மட்டும் தப்பியது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த சர்வர் அது. தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே மின்வெட்டு! கரண்ட் இல்லாததால் அது வலையமைப்பில் இல்லை. அங்கிருந்த இணைய வேகம் போதாததால், கானா ஊழியர் டிஸ்க்கை நைஜீரியா வரை கொண்டுவந்து கொடுக்க, அங்கிருந்து வேறொருவர் விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் மீண்டும் நிறுவியதாக மெர்ஸ்க் தலைவர் 2018-ல் சொன்னார்.

மின்வெட்டைத் திட்டாத ஆள் நம் ஊரில் கிடையாது. உலகத்தின் மிகப்பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றை அதே மின்வெட்டுதான் காப்பாற்றியிருக்கிறது. இணைப்பில் இல்லாத ஒரு நகல் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஓசியில் இறக்கிய மென்பொருளோடு வந்தது

பெரிய நிறுவனங்களின் கதை இருக்கட்டும். தனி ஆட்களையும் சிறு அலுவலகங்களையும் அதிகம் தாக்கியது ஸ்டாப் அல்லது டிஜேவு என்று அழைக்கப்படும் ரான்சம்வேர். 2018 முதல் பரவிய இது பெரும்பாலும் 'கிராக்' செய்யப்பட்ட மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வரும். விலை கொடுத்து வாங்க முடியாத டிசைன் மென்பொருளை எங்கிருந்தோ இறக்கிப் போடுகிறோம் அல்லவா, அதோடு இதுவும் வரும். 980 டாலர் கேட்கும். 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, 490 டாலர். தள்ளுபடி விற்பனை போல!

2019 அக்டோபரில் மைக்கேல் கில்லஸ்பி என்ற அமெரிக்க நிரலாளரும் எம்சிசாஃப்ட் நிறுவனமும் சேர்ந்து இதற்கு இலவசத் திறப்பான் வெளியிட்டார்கள். அந்த ரான்சம்வேரின் 148 வகைகளுக்கு அது உதவியது. 2019 ஆகஸ்டுக்குப் பின் வந்த வகைகளில் திருடர்கள் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். அவற்றிலும் ஒரு சந்து இருந்தது. தாக்கும் நேரத்தில் இணையம் கிடைக்காவிட்டால், எல்லோருக்கும் பொதுவான ஒரே 'ஆஃப்லைன்' சாவியால் அது பூட்டும். அந்தச் சாவி ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவர்களுக்கும் பயன்படும். இணையம் இருந்து பூட்டப்பட்டவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. வேகமாக வேலையை முடிப்பதற்காக இது ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டுமே பூட்டும். சிறிய எக்செல் கோப்பு முழுவதும் போய்விடும். பெரிய வீடியோவிலோ ஜிப் கோப்பிலோ மீதிப் பகுதி அப்படியே இருக்கும். அதைச் சரிசெய்யும் கருவிகள் மூலம் ஓரளவு மீட்டவர்கள் உண்டு.

தலைமைச் செயலகம் முதல் எய்ம்ஸ் வரை

2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் பொதுத் துறையின் கணினிகள் தாக்கப்பட்டன. கேட்ட தொகை 1,950 டாலர், கிரிப்டோ பணமாக. அரசாங்கத் துறை, பட்டறை என்ற வேறுபாடு எல்லாம் திருடனுக்குக் கிடையாது.

2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை தாக்கப்பட்டது. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. வெளிநோயாளிப் பதிவு முதல் எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டியிருந்தது. கடைசியில் தரவு திரும்பி வந்தது. எப்படி? பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து. அங்கேயும் பூட்டை யாரும் உடைக்கவில்லை.

2024 பிப்ரவரியில் லாக்பிட் என்ற பெரிய கும்பலின் சர்வர்களைப் பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளின் காவல்துறைகள் கைப்பற்றின. 7,000-க்கும் மேற்பட்ட சாவிகள் தங்களிடம் இருப்பதாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அந்த ஆண்டு ஜூனில் அறிவித்தது.

இதுவரை பார்த்ததில் தெரிவது என்ன?

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். சரியாகப் போட்ட பூட்டை இதுவரை யாரும் நேராக உடைக்கவில்லை. மீட்பு வந்த வழிகள் மூன்றுதான்.

ஒன்று, திருடன் செய்த தவறு. 1989-ல் நிரலுக்குள் விட்ட சாவி, 2008-ல் சரியாக அழிக்காத கோப்பு, 2017-ல் நினைவகத்தில் தங்கிய எண்.

இரண்டு, சாவி வெளியே வருவது. காவல்துறை கைப்பற்றலாம், திருடனே மனம் மாறிக் கொடுக்கலாம்.

மூன்று, வேறு இடத்தில் இருந்த நகல். கானாவும் எய்ம்ஸும் இதற்கு உதாரணம்.

முதல் இரண்டும் நம் கையில் இல்லை. திருடனுடைய தவறுகளும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகின்றன. நம் கையில் இருப்பது மூன்றாவது மட்டுமே.

ஓசூர்ப் பட்டறையில் நடந்தால் என்ன செய்யலாம்?

முதலில் நெட் கேபிளைப் பிடுங்கி, வைஃபையை அணைக்க வேண்டும். இணைப்பைத் துண்டிக்க வழியே இல்லை என்றால் மட்டும் லேப்டாப்பை அணைக்கலாம். மற்றபடி ரீஸ்டார்ட் செய்யக் கூடாது, ஃபார்மட் செய்யக் கூடாது. மிரட்டல் அறிவிப்பை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவினால், அழிந்த கோப்பு இருந்த இடத்தில் அது போய் உட்கார்ந்துவிடும். அதனால் டிஸ்க்கை முழு நகல் எடுத்து, நகலில் மட்டுமே முயற்சி செய்ய வேண்டும். எந்த வகை ரான்சம்வேர் என்று நோ மோர் ரான்சம் தளத்தில் வேறு ஒரு கணினியிலிருந்து சோதிக்கலாம். திறப்பான் இன்று இல்லை என்றாலும் பூட்டிய கோப்புகளை எடுத்து வையுங்கள். கிரிப்டோலாக்கரில் நடந்தது போல் பிறகு சாவி கிடைக்கலாம்.

1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம். நிறுவனம் என்றால் இன்னொரு கடமையும் உண்டு. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட உத்தரவுப்படி, இப்படிப்பட்ட தாக்குதலைத் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும்.

நம் ஊரிலிருந்து பலர் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தரவு எடுப்பது வேறு, ரான்சம்வேர் வேறு. "எங்களிடம் தனித் தொழில்நுட்பம் இருக்கிறது" என்று சொன்ன சில அமெரிக்க நிறுவனங்கள், ரகசியமாகத் திருடனுக்கே பணம் கட்டிச் சாவி வாங்கியதை 2019-ல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. அதனால் எந்த வகை, எந்தத் திறப்பான் என்று விளக்கமாகச் சொல்லாதவரிடம் பணம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

பேக்கப் இல்லாத பட்டறைக்கு எல்லாமே போய்விடுமா? இல்லை. நம் தரவில் ஒரு பகுதி நமக்கே தெரியாமல் பிறரிடம் இருக்கிறது. சி.என்.சி. மிஷினின் கன்ட்ரோலர் நினைவகத்தில் கடைசியாக ஓட்டிய புரோகிராம்கள் இருக்கும். டிராயிங்கை அனுப்பிய கம்பெனியிடம் மறுபடியும் கேட்கலாம். கொட்டேஷன்கள் மின்னஞ்சலில் 'அனுப்பியவை' பகுதியில் கிடக்கும். வங்கி ஸ்டேட்மென்ட்டை வங்கி தரும். ஆடிட்டரிடம் பழைய டேலி நகல் இருக்கலாம்.

எல்லையில் இருப்பதால் நமக்கு ஒரு தனி வசதியும் உண்டு. முன்பெல்லாம் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி பக்கம் போகும் சரக்கின் காகிதங்கள் ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் பார்க்கப்படும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் மூடப்பட்டன. 2018 ஏப்ரல் முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயம். பெங்களூர் கம்பெனி ஓசூருக்கு ஜாப் ஒர்க்கிற்குப் பொருள் அனுப்பினால், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் போட வேண்டும். அதனால் விற்பனைக் கணக்கில் பெரும்பகுதியை ஜி.எஸ்.டி. ரிட்டர்னிலிருந்தும், சமீபத்திய இ-வே பில்களிலிருந்தும் மறுபடி எழுதிவிடலாம். வேலை அதிகம்தான். ஆனால் 980 டாலர் கட்டத் தேவையில்லை.

திரும்ப வராதவையும் உண்டு. நாமே வரைந்த ஃபிக்ஸ்சர் டிசைன், எந்தப் பார்ட்டுக்கு எந்த டூல் எத்தனை பீஸ் வரும் என்று எழுதி வைத்த குறிப்பு, பழைய இன்ஸ்பெக்‌ஷன் அளவுகள். இவை வேறு யாரிடமும் இருக்காது. எனவே பேக்கப் எடுக்கும்போது முதலில் எடுக்க வேண்டியவை இவைதான்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் போதும். ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றொன்று. நகல் எடுத்ததும் கழற்றி, ஒன்றைப் பட்டறையிலும் ஒன்றை வீட்டிலும் வைக்க வேண்டும். எப்போதும் செருகியே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும், மெர்ஸ்க்கின் 149 சர்வர்கள் மாதிரி. கூகுள் டிரைவ் போன்றவற்றில் வைத்தாலும் பூட்டிய கோப்பு அங்கேயும் போய்ச் சேரலாம். பழைய பதிப்பைச் சில வாரங்கள் வரை திரும்ப எடுக்க அவற்றில் வழி உண்டு என்பதால் ஓரளவு பாதுகாப்புதான். மாதம் ஒரு முறை, எடுத்த பேக்கப்பிலிருந்து ஒரு டேலி கம்பெனியைத் திறந்து பார்ப்பதும் அவசியம். திறக்காத பேக்கப்பும் இல்லாத பேக்கப்பும் ஒன்றுதான்.

முடிவுரை

பிளாப்பி போய் எஸ்.எஸ்.டி. வந்துவிட்டது, தபால் பெட்டி போய் பிட்காயின் வந்துவிட்டது. இத்தனை மாற்றத்திலும் ஜிம் பேட்ஸ், அட்ரியன் கினே, மைக்கேல் கில்லஸ்பி போன்றவர்கள் தாங்கள் எழுதிய கருவிகளை இலவசமாகவே கொடுத்தார்கள். அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவர்களை நம்பி மட்டும் லேப்டாப்பைத் திறந்து வைக்க முடியாது.

இதைப் படிப்பவர்களில் அப்பாவோ மாமாவோ சிப்காட் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த லேப்டாப்புக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுங்கள். ஒரு மணி நேர வேலைதான். மீண்டும் வேறொரு கட்டுரையில் சந்திப்போம்.